நான்கு ட்ராக், ஏழு ஒலி

2025 ஜூன் 7, சனி

சாரல் விடவே இல்லை. நாகர்கோவிலில் ஜூன் மாதம் இப்படித்தான் என்றாலும், ரெக்கார்டிங் என்று உட்காரும்போது மாடி அறையின் ஒவ்வொரு சொட்டும் காதில் விழுகிறது. ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தியாயிற்று.

கேசட்டில் நான்கு ஒலிகளைத் தனித்தனி ட்ராக்காகப் பதியும் என் மெஷின் போர்ட்டாஸ்டுடியோ 424. டேப் உரசி ஓடும் அதன் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். முதல் பஞ்சு பழுப்பு, இரண்டாவதும் பழுப்பு, நான்காவதுதான் வெள்ளையாக வந்தது. கேசட் சாதாரண கேசட்தான், ஆனால் இதில் ஏ பக்கம், பி பக்கம் கிடையாது. நான்கு ட்ராக்கும் ஒரே திசையில், நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில், வழக்கத்தைப் போல் இரு மடங்காக ஓடும். அதனால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான். இதையே வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டால் இரண்டு ட்ராக் பாதி வேகத்தில் இழுத்துக்கொண்டு கேட்கும், திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னாலிருந்து முன்னால் வரும்.

என் பாட்டுக்கு மிருதங்கம், கிட்டார், பேஸ், ஜால்ரா, ஹார்மோனியம், இரண்டு குரல் என்று ஏழு ஒலி வேண்டும். இருப்பது நான்கு ட்ராக். பவுன்ஸ் செய்துதான், அதாவது பல ட்ராக்கை ஒன்றாகக் கலந்து ஒரே ட்ராக்கில் இறக்கி மற்றவற்றைக் காலி செய்துதான் ஆக வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

சுசீந்திரத்திலிருந்து சித்தப்பா மிருதங்கத்தோடு வந்தார். ஒரு கட்டை சுருதி. 1-இல் மிருதங்கம், 2-இல் கிட்டார், 3-இல் பேஸ். சாயங்காலம் மூன்றையும் சேர்த்து 4-க்கு இறக்கினேன், அந்த ஓட்டத்திலேயே ஜால்ராவையும் மைக்கில் தட்டிச் சேர்த்துவிட்டேன். ஒலியை இடமோ வலமோ அனுப்பும் பான் குமிழ்களை முழுக்க வலப்பக்கம் திருப்பினால் ஒலி 4-க்குப் போகும். முதல் தடவை 4-வது ட்ராக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்க மறந்துபோய், தன் ஒலியையே தான் வாங்கிக்கொண்டு கீச்சென்று கத்தியது. அடுத்த தடவை சரியாக வந்தது. ஹெட்ஃபோனில் கேட்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

உடனே 1-வது ட்ராக்கில் ஹார்மோனியத்தைப் பதிந்தேன். மிருதங்கம் அழிந்தது.

ஜூன் 14, சனி

ஒரு வாரம் கழித்து, கம்ப்யூட்டர் மேஜையில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். மிருதங்கத்தின் தொப்பியும் (தாழ்ந்த ஒலி தரும் முகம்) பேஸும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டு ‘பொம் பொம்’ என்று ஒரே சேறாகக் கிடக்கின்றன. இரண்டும் கீழ்ச்சுருதி ஒலிகள், ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. ஹெட்ஃபோன் இதை எனக்குக் காட்டவே இல்லை. 4-இன் லோ குமிழைக் குறைத்தால் பேஸோடு சேர்ந்து தொப்பியும் போய்விடுகிறது. நான்கும் ஒரே ட்ராக்குக்குள் போனபிறகு ஒன்றைத் தனியாகத் தொட வழியில்லை. தொட வேண்டிய மிருதங்கத்தின்மேல் ஹார்மோனியத்தை ஏற்றியவன் நான்.

இரவு முழுக்க இதே யோசனை. 1968 வரை லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவிலும் நான்கு ட்ராக் மெஷின்தான். அங்கே நான்கும் நிறைந்தால் அதை இன்னொரு மெஷினின் ஒரு ட்ராக்குக்கு இறக்கிவிட்டு மேலே பதிந்துகொண்டே போவார்கள். முதல் டேப் அப்படியே பெட்டியில் இருக்கும். என்னிடம் இரண்டாவது மெஷின் இல்லை. ஆனால் லேப்டாப் இருக்கிறதே! நான்கையும் கலந்து அதில் ஏற்றி, புதுக் கேசட்டின் ஒரு ட்ராக்கில் திரும்ப இறக்கினால் பழையது பிழைத்துக்கொள்ளும். இது ஒரு வாரம் முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

நல்லவேளை, கிட்டாரும் பேஸும் 2, 3-இல் இன்னும் இருக்கின்றன. சித்தப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “இன்னொரு தடவ வாசிச்சா தேஞ்சா போயிருவேன்? வாரேன் மக்கா” என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

மழை. ஒன்றும் பதியவில்லை.

ஜூன் 21, சனி

ஈரத்தில் மிருதங்கம் சுருதி இறங்கியிருந்தது. சித்தப்பா கல்லும் புள்ளுமாக (சிறு மரக்கட்டை) அரை மணி நேரம் விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டி ஏற்றினார், ஒவ்வொரு தட்டுக்கும் காதைக் குனிந்து வைத்துக்கொண்டு. கிட்டாரைக் கேட்டபடி 1-இல் வாசித்தார். 4-இல் ஜால்ரா. இப்போது நான்கும் தனித்தனி.

பேஸின் கீழ்ப்பகுதியை நன்றாகக் குறைத்தேன். தனியாகக் கேட்டால் மெலிந்து போனதுபோல் இருக்கும், கூட்டத்தில் கேட்டால் தொப்பி விழும் இடமெல்லாம் தெரிகிறது. ஹெட்ஃபோன், சின்ன ஸ்பீக்கர், அத்தை வீட்டுப் பழைய டேப் ரெக்கார்டரின் ஆக்ஸ் என்று மூன்றிலும் கேட்டுவிட்டுத்தான் லேப்டாப்பில் ஏற்றி, புதுக் கேசட்டின் 4-இல் இறக்கினேன். முதல் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டேன். இனி அதன்மேல் எதுவும் பதியாது.

ஜூன் 22, ஞாயிறு

ஹார்மோனியம் சேரவில்லை. தூசி துடைத்தபோது டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் குமிழ் நகர்ந்திருக்கிறது, அதைக் கவனிக்காமல் நேற்று முதல் கேசட்டை ஓட்டிக் கலந்திருக்கிறேன். கிட்டார் என்றால் முறுக்கி ஏற்றலாம், ஹார்மோனியத்தின் நாக்கை என்ன செய்வது? சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு, டேப்பை ஓடவிட்டு, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். இரண்டு ஒலியும் உரசி வாவ்-வாவ் என்று அலையும். அந்த அலை மெதுவாகி, இன்னும் மெதுவாகி, ஒரு இடத்தில் நின்றது. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு ஒட்டுத்தாளும் ஒட்டினேன். கலக்கும்போதும் குமிழ் இங்கேதான் இருக்க வேண்டும்.

1-இல் ஹார்மோனியம். 2, 3-இல் குரல்கள். குரலைக் கடைசியில் வைத்துக்கொண்டது நல்லதுதான். ஒவ்வொரு தடவை டேப்பிலிருந்து டேப்புக்கு மாற்றும்போதும் மேல்சுருதியின் மினுக்கம் கொஞ்சம் போகும், அந்த நஷ்டம் குரலுக்கு வரக் கூடாது.

ஜூன் 28, சனி

மிக்ஸ். நான்கு ஃபேடர், நான்கு விரல். மூன்றாவது சரணத்தில் குரல் தணியும் இடத்தில் ஹார்மோனியத்தையும் கூடவே இறக்க வேண்டும், பின் ‘வா’ என்று எழும்போது ஏற்ற வேண்டும். ஆறாவது தடவைதான் கை பாட்டோடு போனது.

சித்தப்பாவுக்கு அனுப்பினேன். “தொப்பி தெளிவா கேக்கு. ஜால்ராதான் கொஞ்சம் கூடுதலு.”

உண்மைதான். முதல் கேசட்டில் ஜால்ரா தனியாக இருக்கிறது, ஆனால் குரல்கள் இரண்டாவது கேசட்டின் ஓட்டத்தில் பாடியவை. இரண்டு கேசட்டும் ஒருபோதும் சேர்ந்து ஓடாது. 4-இன் ஹை குமிழைக் கொஞ்சம் குறைத்தால் ஜால்ரா அடங்கும், தொப்பிக்கு ஒன்றும் ஆகாது. நாளைக் காலை மழை விட்டாலும் விடாவிட்டாலும் மறுபடி மிக்ஸ்.