நனைந்து வந்த பறவை

மகள் டோக்கியோவிலிருந்து கொண்டுவந்த அட்டைக் குழாயைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது தாளின் பின்பக்கத்தை. 22 வருஷம் ஆப்செட் மெஷின் ஓட்டிய கை, தானாகத் திருப்பிவிட்டது. நீலம் பின்னால் வரை ஊறியிருந்தது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் வட்ட வட்டமாகத் தேய்த்த தடம். மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ என்ற வட்டத் தட்டால் ஒருவர் கையாலேயே தேய்த்து எடுத்த அச்சு.

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1834 வாக்கில் வரைந்த சிறிய பூப்படங்களில் ஒன்று இது. பழைய முறைப்படியே மறுபடி கட்டை செதுக்கி அச்சிட்டிருக்கிறார்கள். ஆழ்ந்த நீலத்தின் மேல் செர்ரிக் கிளைகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. நடுவே ‘உசோ’ என்கிற சின்னக் குருவி, தலைகீழாகக் கிளையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நீலம் ஐரோப்பாவிலிருந்து வந்த பிரஷ்யன் நீலம். ஜப்பானிய அச்சுகளில் அது பரவலானதே 1830ஐ ஒட்டித்தான்.

பக்கத்தில் செங்குத்தாக ஒரு ஹைக்கூ. மகள் வாசித்துச் சொன்னதை என் தமிழில் வைத்துக்கொண்டேன்:

பறவை ஒன்று
நனைந்து வெளியே வந்தது;
காலைச் செர்ரி.

மறுபடி படத்தைப் பார்த்தேன். மழை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. ஈரம் முழுவதும் அந்த ஹைக்கூவில் இருக்கிறது. அதில் பறவை வெளியே வந்துவிட்டது. படத்தில் இன்னும் பூவுக்குள்ளேயே இருக்கிறது. ஓவியர் பாட்டை அப்படியே வரைந்திருந்தால் இரண்டில் ஒன்று வீணாகியிருக்கும். அந்தக் குருவி கிளையை விட்டுப் பறக்கப்போகும் நொடி, நமக்குள்தான் நடக்கிறது.

இன்னொன்றும் என்னை விடவில்லை. எங்கள் பிரஸ்ஸில் படம் ஒரு வழியாக வரும், எழுத்து ஒரு வழியாக வரும், கடைசியில் ஒரே பிளேட்டில் சேரும். இங்கே பூவின் கோடும் பாட்டின் எழுத்தும் ஒரே மரத்தில், உளியால் பிறக்கின்றன. மெல்லிய தாளில் வரைந்ததைக் கட்டையின் மேல் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் நிற்கவிட்டுச் சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுக்கிறார்கள். ஒட்டிய மூலப்படம் அதோடு அழிந்துபோகும். எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடக்கும். அதில் மயிரிழைச் சுழிப்புகூடச் சிதையாமல் செதுக்கியவரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் பொருந்துவதை நாங்கள் ரிஜிஸ்டர் என்போம்; அதற்கு அவர்கள் வைத்திருப்பது ‘கென்தோ’: கட்டையின் மூலையில் ஒரு வெட்டு, ஓரத்தில் ஒரு வெட்டு. தாளை அதில் பொருத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், இதழ் ஓரத்தில் நிறம் எங்கேயும் விலகவில்லை.

கட்டை என்ன மரம் என்று மகளிடம் கேட்டேன். மலைச் செர்ரி என்றாள். கெட்டியான, நுண்ணிய மரம் என்பதால் அதைத்தான் எடுப்பார்களாம். செர்ரிப் பூவைச் செர்ரி மரமே அச்சடித்திருக்கிறது. அதைக் கேட்டபின் கொஞ்ச நேரம் நான் பேசவில்லை.

பிரேம் போடக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கண்ணாடி வைக்கச் சொல்லியிருக்கிறேன், பின்பக்கமும் தெரிகிற மாதிரி.