50 விநாடிப் பூட்டு

இன்று காலை கருப்புத் திரையில் கர்சர் அப்படியே நின்றுவிட்டது. 50 விநாடிகள் கழித்து, ஒருவர் மாற்றும் பதிவை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் கடந்துவிட்டதென்று மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் பிழைச்செய்தி காட்டியது.

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடையின் இருப்புக் கணக்குக்காக, மடிக்கணினியில் இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ஒரு சேலையின் எண்ணிக்கையை மாற்றிவிட்டு, கமிட் செய்யாமல், அதாவது மாற்றத்தை உறுதிப்படுத்தாமல், வைத்திருந்தேன். மற்றதில் நான் தொட்டது வேறு சேலை, வேறு வரிசை.

இருந்தும் வழி கிடைக்கவில்லை.

சேலைக் குறியீட்டு நெடுவரிசைக்கு இண்டெக்ஸ், அதாவது வேண்டிய வரிசைக்கு நேராகப் போக உதவும் சுட்டி, போட மறந்திருந்தேன். மாற்ற வேண்டிய வரிசையைத் தேடிப் போகும்போது கடக்கும் பதிவுகளையெல்லாம் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி பூட்டிக்கொண்டே செல்லும். இண்டெக்ஸ் இல்லையென்றால் அட்டவணை முழுவதையும் கடந்தாக வேண்டும் என்பதால், இயல்பாக அமைந்துள்ள ரிப்பீட்டபிள் ரீட் என்ற தனிமைப்படுத்தல் நிலையில் எல்லா வரிசைகளும் பூட்டுக்குள் போய்விடுகின்றன. வளவு வீட்டில் தம் அறையைப் பூட்டப் போன பங்காளி ஒருவர், வழியிலிருந்த அறைகளையெல்லாம் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டது போல.

இண்டெக்ஸ் போட்டதும் இரண்டாம் சாளரம் கணத்தில் வேலையை முடித்தது. ஒரே வரிசையை இருவரும் தொட்டபோது மட்டும் காத்திருந்தது, அது நியாயம். படிக்க மட்டும் செய்யும் வெறும் செலக்ட் கட்டளை எப்போதும் தடையின்றி, கமிட் ஆகாத மாற்றத்தைக் காட்டாமல், பழைய எண்ணிக்கையையே தந்தது.

கடைசியாக, அட்டவணை முழுவதையும் பூட்டும் லாக் டேபிள்ஸ் ரைட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். முகப்புக் கதவையே சாத்திவிட்டார்கள். அடுத்த சாளரத்தில் படிக்கக்கூட முடியவில்லை. இந்தக் காத்திருப்புக்கு இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 50 விநாடி அன்று, 3,15,36,000 விநாடி, அதாவது ஓர் ஆண்டு.

நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அன்லாக் செய்துவிட்டேன்.