எப்போது கூப்பிடுகிறார்கள்?

அரசு அதிகாரிகளையும் மனித உரிமை அமைப்புகளையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதே பெரிய சாதனை என்று பேசுகிறார்கள். சரி, உட்காரட்டும். அமைப்புகளை எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் உலகளாவிய காலமுறை மீளாய்வு 2008 முதல் நடக்கிறது. ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் தங்கள் மனித உரிமை நிலை பற்றி, சுமார் நாலரை ஆண்டுக்கு ஒருமுறை மற்ற நாடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அரசு தன் அறிக்கையைத் தரும். அமைப்புகள் அனுப்புவதை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தனியாகத் தொகுத்துச் சுருக்கும். ஆனால் ஜெனீவாவில் மீளாய்வு நடக்கும்போது கேள்வி கேட்பது நாடுகள் மட்டும்தான். அமைப்புகள் உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு, முடிவறிக்கையைப் பேரவை ஏற்கும் நாளில் சில நிமிடம் பேசலாம், அவ்வளவே.

ஆகவே நாட்டுக்குள்ளேயே, அறிக்கை எழுதத் தொடங்கும் முன்பே பேச வேண்டியிருக்கிறது. எழுதி முடித்ததை நீட்டி "கருத்து சொல்லுங்கள்" என்றால் அது வெறும் சடங்கு.

அப்புறம், மீளாய்வில் மற்ற நாடுகள் சொல்லி, தான் ஏற்றுக்கொண்ட பரிந்துரையை எந்தத் துறை, எப்போதைக்குள் செய்யும் என்று அரசு வெளியிட்டால்தான் அடுத்த கூட்டத்தில் கேட்க ஏதாவது இருக்கும். அதற்குள் பேசிப் பழகிய அதிகாரி மாற்றலாகிவிடுவார், அது தனிக்கதை.