இரண்டு தடவை பசியாறிய காலைகள்

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பது தெரிந்திருந்தும், பிள்ளைகளின் வயிறு எந்தக் கடிகாரத்தைப் பார்க்கும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. பள்ளி விடுமுறையில் மதுரைக்குப் போய் இறங்கிய மறுநாள், கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் 7 மணிக்கு எழுந்து பழகிய மகனும் மகளும் அங்கே 4.30 மணிக்கே எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதும்மா" என்றார்கள். விடுதியில் காலை உணவு 7.30 மணிக்கு என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆனால் 8 மணி அடித்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

கோலாலம்பூரில் இந்தச் சிக்கலே எழாது. மாமாக் கடை எனப்படும் 24 மணி நேரத் தமிழ் முஸ்லிம் உணவகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் எந்நேரமும் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் மைலோவும் கிடைத்துவிடும். மதுரையைத் தூங்கா நகரம் என்பார்களே என்ற நம்பிக்கையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேலமாசி வீதிப் பக்கம் நடந்தோம். மார்கழி மாதமாகையால் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டது; தேநீர்க் கடை ஒன்றில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. மகன் வழக்கம்போல ரொட்டி கேட்டான். "பரோட்டா சாயங்காலந்தான் தம்பி" என்று சிரித்தார் கடைக்காரர். நாம் காலையில் சாப்பிடுவதை அங்கே பெரும்பாலும் மாலைக்குப் பிறகுதான் போடுகிறார்கள் என்பது அவனுக்குப் பெரிய அநியாயமாகப்பட்டது.

மைலோவுக்குப் பதிலாக பூஸ்ட் கிடைத்தது. ஒரு சிறிய பொட்டலத்தைக் கத்தரித்துக் கண்ணாடிக் குவளையில் கொட்டி, பாலை ஊற்றி, குவளைக்கும் செம்புக்கும் இடையே இரண்டு முழ உயரத்தில் ஆற்றிக் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டே மகள் பசியை மறந்துவிட்டாள். கல்லில் வெண்ணெய் தடவிச் சுட்டு, சீனி தூவிய பன்னும், கடை வாசலில் தொங்கிய தாரிலிருந்து பறித்த வாழைப்பழமும் சேர்ந்து முதல் பசியாறல் முடிந்தது. அன்றிலிருந்து, பிள்ளைகள் சீக்கிரம் எழுந்த நாள்களிலெல்லாம் நாங்கள் இரண்டு தடவை பசியாறினோம்: 5 மணிக்குப் பாலும் பன்னும், 7 மணிக்குமேல் ஏதாவதொரு மெஸ்ஸில் டிபன்.

டிபனில் நான் நம்பியது இட்லியைத்தான். ஆவியில் வெந்து, கொப்பரையிலிருந்து நேராக இலைக்கு வருவதால் பிள்ளைகளின் வயிற்றுக்குப் பயமில்லை. தேங்காய்ச் சட்னியைக் கொதிக்க வைப்பதில்லை, அரைக்கும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதும் நமக்குத் தெரியாது. ஆகவே அதை நானும் கணவரும் மட்டும் தொட்டுக்கொண்டோம், பிள்ளைகளுக்குப் பொடியும் நெய்யும். (சட்னி பிரமாதமாக இருந்தது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.) வெண்பொங்கல் வாங்கிய அன்று மகள் ஒவ்வொரு மிளகாகப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கி, பதினொன்று என்று எண்ணிச் சொல்வதற்குள் பொங்கல் ஆறிப்போனது. இடியாப்பத்தைக் கண்டபோது மட்டும் இருவரும் ஒரே குரலில் "புட்டு மாயம்!" என்றார்கள்; மலேசியாவில் இடியாப்பத்துக்கு அதுதான் பெயர். குலா மேரா என்னும் பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் தேங்காய்ப் பாலும் சீனியும் வந்தது, மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்கள்.

நான்காம் நாளில் பிள்ளைகள் 6 மணிவரை தூங்கத் தொடங்கினார்கள். ஊர் நேரம் உடம்புக்குப் பிடிபட்ட வேளையில் புறப்படும் நாளும் வந்துவிட்டது. சென்னைக்குப் போகும் வைகை விரைவு வண்டி காலையில் சீக்கிரமே கிளம்பும் என்பதால், முந்திய இரவே பழகிய மெஸ்ஸில் இரண்டு பக்கமும் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி பன்னிரண்டை வாழையிலையில் கட்டி வாங்கி வைத்தேன். சென்னைவரை தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். திண்டுக்கல் வருவதற்குள் இலைதான் மிஞ்சியது.