பூஜ்ஜியம் பெற்ற விடைகள்

பக்கவாதத்துக்குப் பிறகு மொழித்திறனை இழந்தவர்களிடம், அதாவது அஃபேசியா உள்ளவர்களிடம், படங்களைக் காட்டிப் பெயர் கேட்பதும் அவர்கள் சொன்னதை ஒலிப்பதிவிலிருந்து கேட்டு எழுதுவதும் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. மூளை ஆய்வு என்றாலே வண்ணம் தீட்டிய ஸ்கேன் படங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. எங்கள் பொழுதோ பெரும்பாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தெளிவில்லாத ஓர் ஒலித்துணுக்கைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் கழிகிறது.

கதவின் படத்தைப் பார்த்து ஒருவர் 'சன்னல்' என்கிறார். இன்னொருவர் 'கவது' என்கிறார். மற்றொருவர் 'அதுதான்... திறப்போமே, மூடுவோமே' என்று கையை அசைத்துக் காட்டுகிறார். மதிப்பெண் தாளில் மூவருக்கும் பூஜ்ஜியம்தான். ஆனால் முதலாமவர் பொருளால் நெருங்கிய வேறொரு சொல்லை எடுத்துவிட்டார். இரண்டாமவர் சரியான சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார், அதன் ஒலிகளை வரிசைப்படுத்தும்போதுதான் தடுமாறியிருக்கிறார். மூன்றாமவருக்குப் பொருள் குறைவின்றி இருக்கிறது, அதற்குரிய ஒலிவடிவம் மட்டும் அகப்படவில்லை. பொருள் சார்ந்த பிழைகள், மூளையில் காதை ஒட்டி அமைந்த இடது பொட்டுமடலின் முன்பகுதிச் சேதத்தோடும், ஒலி சார்ந்த பிழைகள் அதற்கு மேலே பக்கமடலையும் முன்மடலையும் ஒட்டிய பகுதிகளின் சேதத்தோடும் தொடர்புடையவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எத்தனை விடை தவறு என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தால் இந்த வேறுபாடு எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

இத்துறையின் பெயர்பெற்ற நோயாளியையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். 1861-இல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பரிசோதித்த லெபோர்ன் என்பவர் எதைக் கேட்டாலும் 'டான்' என்றே விடையளித்தார். ஆனால் கோபம் வந்தால் ஒரு வசைச்சொல் அவர் வாயிலிருந்து முழுதாக வந்தது. அவர் இறந்தபின் இடது முன்மடலின் கீழ்ப்பகுதியில் சேதத்தைக் கண்ட புரோக்கா, பேச்சுத்திறனின் இருப்பிடம் அதுவே என்றார். பாடநூல்களில் 'டான்' இடம்பிடித்துக்கொண்ட அளவுக்கு அந்த வசைச்சொல் இடம்பெறவில்லை. ஒரு பெயரைக்கூடச் சொல்ல இயலாதவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று தடையின்றி எண்ணுவதை எங்கள் அறையிலும் பார்க்கிறோம். மனப்பாடமாகவும் உணர்ச்சி வேகத்திலும் வரும் பேச்சு, தேடி எடுத்துச் சொல்லும் பேச்சிலிருந்து வேறுபட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புரோக்கா அந்த மூளையை வெட்டாமல் பாதுகாத்து வைத்தது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. 2007-இல் நரம்பறிவியலாளர் நீனா ட்ரோங்கர்ஸ் குழுவினர் அதை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தபோது, மேற்பரப்பில் தெரிந்ததைக் காட்டிலும் சேதம் மிக ஆழமாகச் சென்று, மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதியையும், மூளையின் முன், பின் பகுதிகளை இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கற்றைகளையும் அழித்திருந்தது தெரியவந்தது. அவர் சுட்டிய இடம், அதாவது இன்று புரோக்கா பகுதி எனப்படுவது, மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேச்சிழப்பு நெடுநாள் நீடிப்பதில்லை என்று 1978-லேயே எழுதப்பட்டிருந்ததால், துறையில் இருந்தவர்களுக்கு இது பெரிய வியப்பாக இருந்திருக்காது.

மூளை வேலை செய்யும்போதே அதன் ரத்த ஓட்ட மாற்றத்தைப் படம்பிடிக்கும் செயல்பாட்டு ஸ்கேன்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு படத்தின் பெயரைச் சொல்ல நலமாக இருப்பவருக்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படாதபோது, கருவி அளக்கும் ரத்த ஓட்ட மாற்றம் உச்சத்தை எட்டச் சுமார் 5 விநாடிகள் ஆகின்றன. பேசும்போது தலை அசைகிறது. பக்கவாதம் வந்தவரின் ரத்த ஓட்டமோ ஏற்கெனவே மாறிப்போயிருக்கிறது. பலருடைய சேதப் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மதிப்பெண்ணோடு ஒப்பிடும் முறையிலும் சிக்கல் உண்டு. ரத்தக்குழாய் அடைபட்டால், அது ஊட்டம் தரும் பகுதிகள் எல்லாம் சேர்ந்தே கெடுகின்றன. அவற்றில் குறிப்பிட்ட பிழைக்குக் காரணம் எது என்று பிரித்தறிவது எளிதன்று. அதற்கு நிறையப் பேருடைய தரவு வேண்டும், ஒவ்வொருவரின் பிழையும் என்ன வகை என்ற பதிவும் வேண்டும்.

இன்னொன்று: நேற்றுச் சரியாகச் சொன்ன பெயரை அதே மனிதர் இன்று சொல்ல முடியாமல் தவிப்பார். சொல் அழிந்துபோயிருந்தால் நேற்று எப்படி வந்திருக்கும்? அதனால் ஒரே படத்தை வெவ்வேறு நாட்களில் காட்டுகிறோம். உடன் வரும் உறவினர்கள் பொறுக்கமாட்டாமல் விடையை எடுத்துக்கொடுத்துவிடுவதும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை, அந்த விடையை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

நான் பிடிவாதமாக இருக்கும் இடம் ஒன்றுதான். 'கவ... கதி... கவது... கதவு' என்று ஒருவர் படிப்படியாக நெருங்கி வந்து சேர்கிறார் என்றால், தன் பிழை அவர் காதிலேயே விழுகிறது, இலக்கும் அவருக்குத் தெரிகிறது. பேச்சு சரளமாக வந்தும் புரிதல் குன்றியிருக்கும் வெர்னிக்கி வகை அஃபேசியா உள்ளவர்களில் பலர் தாம் தவறாகச் சொன்னதை அறியாமலே பேச்சைத் தொடர்ந்துவிடுவார்கள். எங்கள் மதிப்பெண் விதியோ முதல் முழு முயற்சியை மட்டுமே ஏற்கும் என்பதால், இடைமுயற்சிகளை ஒலி பிசகாமல் எழுதத் தாளில் தனிக்கட்டம் வைத்திருக்கிறோம். அதை நிரப்பி முடிப்பதற்குள் ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கே அரைநாள் போய்விடுகிறது. புதிதாகச் சேரும் மாணவர்கள் முதல் வாரத்தில் முணுமுணுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.