சாம் ரேபர்னின் பெட்டிகள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸின் வடக்குப் புறநகர்களில் குடியிருக்கும் தமிழர்கள் நாங்கள் மாதம் தவறாமல் சாம் ரேபர்ன் பெயரில் பணம் கட்டுகிறோம். கோப்பெல் பக்கத்தில் தொடங்கி மெக்கின்னி வரை ஏறத்தாழ 26 மைல் ஓடும் சுங்கச் சாலைக்கு அவர் பெயர்தான். பேச்சில் எல்லாருக்கும் அது ‘ஒன் ட்வென்டி ஒன்’. முழுப் பெயரைப் பார்ப்பது பில் வரும்போது மட்டும்.

ரேபர்ன் 1913 மார்ச்சில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தவர். 1961 நவம்பரில் சாகும்வரை அங்கேயே இருந்தார். இடைவெளியே இல்லாமல் நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல், ஒரே தொகுதி. வுட்ரோ வில்சனில் தொடங்கி கென்னடி வரை எட்டு ஜனாதிபதிகளைப் பார்த்துவிட்டார். அதில் 17 ஆண்டுகள் சபாநாயகர். அந்த நாற்காலியில் அவரளவுக்கு உட்கார்ந்தவர் இன்றுவரை யாரும் இல்லை. நம் ஊர் சபாநாயகர்போல நடுநிலை வேலை இல்லை அது. அங்கே சபாநாயகர் என்றால் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். எந்த மசோதா மேலே வரும், எது குப்பைக்குப் போகும் என்பது பெரும்பாலும் அவர் கையில்.

ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். கோவில்பட்டிக்காரர். மால்களும் கோவிலும் பார்த்து முடித்தாயிற்று, இனி எங்கே கூட்டிப்போவது என்ற கேள்விக்கு ரேபர்னின் ஊரான போனம் நகரம் பதிலாக அமைந்தது. ஃப்ரிஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே 121ஆம் சாலைதான். மெக்கின்னி தாண்டியதும் சுங்கம் முடிந்துவிடும், மெலிசா தாண்டியதும் புது வீட்டு மனைகள் மெல்லக் குறையும், ட்ரென்டன் வரும்போது இரண்டு பக்கமும் வயலும் மேய்ச்சல் நிலமும்தான். “கரிசல் மண்ணு மாதிரில்ல இருக்கு” என்றார் மாமனார். கரிசலேதான். டெக்சஸின் இந்தப் பகுதிக்குக் கறுப்பு மண் சமவெளி என்றே பெயர், ஒரு காலத்தில் பருத்தி ஆண்ட நிலம். ரேபர்ன் பிறந்தது டென்னசியில், 1882இல். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் இங்கே வந்து 40 ஏக்கரில் பருத்தி போட்டது. பதினோரு பிள்ளைகளில் எட்டாமவர்.

போனத்துக்கு மேற்கே, ஊருக்கு வெளியே, அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1916இல் கட்டியது. மாநில வரலாற்று ஆணையம் பராமரிக்கிறது. தட்டுமுட்டுச் சாமான் உட்பட எல்லாம் அவர் குடும்பம் வைத்திருந்தவையே. வெள்ளையடித்த இரண்டு மாடி வீடு, முன்னால் தூண்கள். பெரிய மனிதர் வீடு என்று சொல்லலாம், பணக்காரர் வீடு என்று சொல்ல முடியாது. ரேபர்ன் 1927இல் ஒருமுறை திருமணம் செய்துகொண்டார், அது மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. அதன் பிறகு வீட்டை நிர்வகித்தது அக்கா லூசிண்டா. ஊரே அவரை ‘மிஸ் லூ’ என்றுதான் கூப்பிட்டதாம்.

அங்கே எனக்குப் பிடித்தது வீட்டைவிடக் கொட்டகையில் நிற்கும் கார். கறுப்பு நிற கேடிலாக், 1947 மாடல். 1946 தேர்தலில் குடியரசுக் கட்சி ஜெயித்து ரேபர்னின் சபாநாயகர் பதவி போயிற்று. பதவியோடு அரசாங்கக் காரும் போயிற்று. சொந்தக் கட்சி உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு கார் வாங்கித் தர நினைத்தார்கள். ஆனால் 25 டாலருக்கு மேல் யாரிடமும் பரிசு வாங்குவதில்லை என்பது மனிதரின் விதி. அதனால் ஆளுக்கு 25 டாலர் போட்டு வாங்கினார்கள். விதியும் பிழைத்தது, காரும் வந்தது. இதை நேர்மை என்பதா சாமர்த்தியம் என்பதா என்று மாமனாருக்கும் எனக்கும் வழியெல்லாம் வாக்குவாதம். அவர் சாமர்த்தியம் கட்சி.

ஊருக்குள் இருக்கும் ரேபர்ன் அருங்காட்சியகம் வேறு ரகம். வெள்ளைச் சலவைக்கல் கட்டடம், சின்ன ஊரின் நடுவில் வாஷிங்டனின் ஒரு துண்டைப் பெயர்த்து வைத்ததுபோல. கட்ட ஆரம்பப் பணம் வந்த வழி சுவாரசியமானது. 1949இல் காலியர்ஸ் பத்திரிகை சிறந்த உறுப்பினர் என்று அவருக்கு 10,000 டாலர் பரிசு கொடுத்தது. அதை அப்படியே இங்கே நூலகம் அமைக்க விதைப் பணமாகப் போட்டார். 1957 அக்டோபரில் திறப்பு விழா, முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் வந்திருந்தார். உள்ளே வாஷிங்டனில் சபாநாயகர் உட்காரும் அறையை அச்சு அசலாக அமைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், பிரதிநிதிகள் சபையில் 1857 முதல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சபாநாயகர்கள் நின்ற சலவைக்கல் மேடையே இங்கேதான் இருக்கிறது. 1950 வாக்கில் சபை மண்டபத்தைப் புதுப்பித்தபோது கழற்றியது. அருகில் நின்று பார்த்தால், அந்தக் காலத்து ஆட்கள் சுத்தியலை எப்படித் தட்டியிருப்பார்கள் என்று கை துறுதுறுக்கிறது. தொடக் கூடாது.

எல்லாம் சுற்றிப் பார்த்த பிறகு மாமனார் கேட்டார், “அது சரி மாப்பிள்ளை, இவர் எழுதுனது எங்க இருக்கு?” தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் பதிவறைப் பக்கம் காலம் தள்ளியவர். மேஜை, நாற்காலி, கார் எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். ஃபைல் எங்கே?

ஃபைல் ஆஸ்டினில். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பிரிஸ்கோ வரலாற்று மையத்தில்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஜனாதிபதியின் அலுவல் காகிதங்கள் 1978இல் வந்த சட்டப்படி நாட்டின் சொத்து. பாராளுமன்றக் கமிட்டிகளின் ஆவணங்களும் அப்படியே, தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். ஆனால் ஒரு உறுப்பினரின் சொந்த அலுவலகக் காகிதங்கள், அதாவது அவருக்கு வந்த கடிதங்கள், அவர் அனுப்பிய பதில்கள், குறிப்புகள் எல்லாம் இன்றுவரை அவருடைய சொந்தச் சொத்து. பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாம், பரணில் போடலாம், கொளுத்தவும் செய்யலாம். பத்திரமாக வையுங்கள் என்று 2008இல் ஒரு தீர்மானம் போட்டார்கள், அதிலும் கட்டாயம் இல்லை. மக்கள் வரிப்பணத்தில் டைப் அடித்த கடிதம் எப்படித் தனிச் சொத்தாகும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. ரேபர்ன் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம், காகிதங்கள் தப்பின.

மாமனார் ஊர் திரும்பிய பிறகு, ஒரு வேலை நாளில் லீவ் போட்டு ஆஸ்டின் போனேன். சிட் ரிச்சர்ட்சன் ஹால் என்ற நீளக் கட்டடம். பக்கத்திலேயே ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சனின் நூலகம். ஜான்சனின் அப்பா டெக்சஸ் சட்டசபையில் ரேபர்னோடு உறுப்பினராக இருந்தவர். அந்தப் பழக்கத்தில் ரேபர்ன் ஜான்சனைக் கிட்டத்தட்ட மகனாகவே வளர்த்தார். இன்று இருவரின் காகிதங்களும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன, ஆனால் தோரணையில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஜான்சன் நூலகத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மாடி மாடியாகச் சிவப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் தங்க முத்திரை. கோடிக்கணக்கான பக்கங்கள். ரேபர்னைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும், பெட்டிகள் வந்து சேரும். பை லாக்கரில். பேனா கிடையாது, பென்சில்தான். ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர், உள்ளே இருக்கும் வரிசை கலையக் கூடாது.

போவதற்கு முன் நான் தயாரித்த பட்டியல் பேராசைப் பட்டியல். 1941 ஆகஸ்ட் 12ஆம் தேதி கட்டாய ராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதா 203க்கு 202 என்று ஒரே ஓட்டில் தேறியது. யாரும் மனம் மாறுவதற்குள் ரேபர்ன் முடிவை அறிவித்துக் கதவை அடைத்தார். நான்கே மாதத்தில் பேர்ல் ஹார்பர்மீது ஜப்பானின் தாக்குதல். 1944 பிப்ரவரியில் போர்த்துறைச் செயலாளர் ஸ்டிம்சனும் தளபதி மார்ஷலும் அவர் அறைக்கு வந்து, அணுகுண்டுக்குப் பணம் வேண்டும், எதற்கென்று சபையில் சொல்லக் கூடாது என்றார்கள். கொடுத்தார், யாரிடமும் மூச்சு விடவில்லை. சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவருக்கு ஒரு சின்ன அறை இருந்தது. ‘போர்டு ஆஃப் எஜுகேஷன்’ என்று வேடிக்கையாகப் பெயர். மாலையில் நெருங்கியவர்கள் ஒரு கிளாஸோடு கூடிப் பேசுவார்கள், நாட்டின் பாதி முடிவுகள் அங்கே எடுக்கப்பட்டன என்பார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று, அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த ட்ரூமன் அந்த அறைக்கு வந்தபோதுதான், வெள்ளை மாளிகைக்கு போன் செய்யுங்கள் என்ற செய்தி காத்திருந்தது. போன் செய்தால், உடனே வாருங்கள் என்றார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்திருந்தார்.

இதையெல்லாம் பெட்டியில் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். ஏனென்றால் ரேபர்னின் தொழிலே பேச்சு. தோளில் கை போட்டு, காதோடு காதாக, ஒரு வாக்கு வாங்கி, ஒரு வாக்குக் கொடுத்து. கொடுத்த வாக்கைக் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, மறக்கும் பழக்கமும் இல்லை என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டிவி கேமராவையும் சபைக் கமிட்டிகளின் விசாரணைகளுக்குள் விடவில்லை. 1952இல் தடை போட்டார். சாட்சியம் வைக்காமல் அதிகாரம் செய்தவர். சரி, அப்படியானால் பெட்டிகளில் இருப்பது என்ன?

மற்றவர்கள். அந்த அறைக்குள் வர முடியாதவர்கள். பெட்டிகளைப் பொறுமையாகப் புரட்டும்போது இதுதான் மெல்ல உறைக்கிறது. கோடு போட்ட தாளில் பென்சிலில் எழுதிய கடிதங்கள், பென்ஷன், தபால் வழி, பட்டாளத்தில் இருக்கும் பையன், சாலை, பருத்தி விலை. பின்னாலேயே பதிலின் கார்பன் நகல், பெரும்பாலும் நாலைந்து வரிக்குள். எழுதியவருக்கும் மறுபக்கம் இருப்பவருக்கும் ஒரே மண் என்பது நடையில் தெரிகிறது. வளர்த்துப் பேச இருவருக்குமே நேரம் இல்லை.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930களின் நடுவில் அமெரிக்காவின் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்பதுக்குக் கரண்ட் கிடையாது. தூரத்து வீட்டுக்குக் கம்பம் நட்டால் லாபம் இல்லை என்று கம்பெனிகள் கைவிரித்தன. 1936இல் ரேபர்னும் நெப்ராஸ்கா செனட்டர் நாரிஸும் கொண்டுவந்த கிராம மின்சாரச் சட்டம், விவசாயிகளே கூட்டுறவு அமைத்துக் குறைந்த வட்டியில் கடன் வாங்கிக் கம்பி இழுக்க வழி செய்தது. புத்தகத்தில் இது இரண்டு வரி. லாந்தர் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதிய ஒருவருக்கு அது இரண்டு வரி இல்லை. எங்கள் கிராமத்து வீட்டில் முதல் பல்பு எரிந்த கதையை ஆச்சி எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்பது நினைவுக்கு வந்தது.

யார் எழுதவில்லை என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. டெக்சஸில் 1944 வரை ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடலாம். அந்த மாநிலத்தில் அப்போது அந்தத் தேர்தலில் ஜெயித்தாலே பதவி உறுதி. ஓட்டுப் போடவே தலைவரி கட்ட வேண்டும். அப்படிப்பட்ட தொகுதியில் ‘மக்கள் கடிதம்’ என்றால் எந்த மக்கள்? ரேபர்ன் பல ஆண்டுகள் கறுப்பின உரிமைச் சட்டங்களை எதிர்த்தவர். 1956இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை நீடிக்க வேண்டுமென்று தெற்கத்திய உறுப்பினர்கள் போட்ட அறிக்கையில் கையெழுத்திட மறுத்தார், அடுத்த ஆண்டு 1957 உரிமைச் சட்டம் அவர் தலைமையில்தான் சபையில் தேறியது. மாறினார். மெதுவாக மாறினார். நேர்மைக்காக அவரைப் புகழும் ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியைச் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறார்கள்.

நமக்கும் ஒரு சின்ன இழை உண்டு. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்ற 1946ஆம் ஆண்டுச் சட்டம் அவர் சபாநாயகராக இருந்த காலத்தில்தான் வந்தது. ஆண்டுக்கு 100 பேர் என்ற கஞ்சத்தனமான ஒதுக்கீடு. அந்தச் சட்டத்தால் குடிமகனான பஞ்சாபி, தலிப் சிங் சவுந்த், 1957இல் கலிபோர்னியா உறுப்பினராக அதே சபைக்குள் வந்தார். அன்றும் மேடையில் ரேபர்ன்தான்.

போக நினைப்பவர்களுக்கு: போனத்தை ஒரே நாளில் முடிக்கலாம். காலையில் வீடு, மதியத்துக்கு முன் அருங்காட்சியகம், பிறகு வில்லோ வைல்ட் கல்லறைத் தோட்டம். 1961இல் அவர் இறுதிச் சடங்குக்கு கென்னடி, ட்ரூமன், ஐசனோவர், துணை ஜனாதிபதியாக இருந்த ஜான்சன் என நால்வரும் இந்தச் சின்ன ஊருக்கு வந்தார்கள். நேரம் மிஞ்சினால் வடகிழக்கே புதிதாக வெட்டிய போ டார்க் ஏரி. ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ குழாய்களில் வரும் தண்ணீரில் அதன் பங்கும் இருக்கிறது. திறக்கும் நாட்களைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்டின் போவதென்றால் சும்மா எட்டிப் பார்க்கப் போகாதீர்கள், எந்த ஆண்டு, எந்த விஷயம் என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

அடுத்து நான் கேட்டுவைக்கப் போவது 1935ஆம் ஆண்டுப் பெட்டிகள். மின்சாரக் கம்பெனிக் குழுமங்களுக்குக் கடிவாளம் போட செனட்டர் வீலரும் ரேபர்னும் கொண்டுவந்த மசோதாவை எதிர்த்து, பொதுமக்கள் பெயரில் தந்தி மழை பொழிந்தது. பென்சில்வேனியாவின் வாரன் என்ற ஊரிலிருந்து ஓர் உறுப்பினருக்கு நூற்றுக்கணக்கில் வந்தவற்றில் பெயர்கள் சந்தேகப்படும்படி அகரவரிசையின் முன்பகுதியிலேயே இருந்தன. செனட் விசாரித்தபோது, ஊர் முகவரிப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் எடுத்து, கேட்காமலே தந்தி அடித்தது வெளிவந்தது. ரேபர்னுக்கு வந்தவற்றில் அப்படி ஏதாவது மிஞ்சியிருந்தால், பென்சில் கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.