ஜெபத்தோடு ஒரு கடிதமும்

2025 ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. அன்று அதிகாலை இஸ்ரேலிய ஏவுகணைகள் காசாவின் அல்-அஹ்லி மருத்துவமனையைத் தாக்கின. அதை நடத்துவது எருசலேம் ஆங்கிலிக்கன் திருமண்டலம். "சமாதானத்துக்காக ஜெபிக்கிறோம்" என்று அமெரிக்கச் சபைகள் சொல்வது சரி. ஆனால் இஸ்ரேலுக்கு ஆயுதம் போவது அவர்கள் வரிப்பணத்தில்.

அமெரிக்க விசுவாசி தன் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினருக்கு எழுதும்போது பொதுவாகப் புலம்பினால், அச்சடித்த பதில்தான் வரும். சட்டப் பிரிவைச் சொல்லிக் கேட்க வேண்டும். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் 620I பிரிவின்படி, அமெரிக்க நிவாரணப் பொருள்களைத் தடுக்கும் நாட்டுக்கு ஆயுத உதவி கூடாது. "அமெரிக்க" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தடுக்கப்பட்ட மற்ற நாடுகளின் நிவாரண லாரிகளைக் காட்டினால் வாதம் அங்கேயே உடையும். இன்னொரு ஓட்டை: தேசியப் பாதுகாப்பு என்று சொல்லி அதிபர் விலக்கு தரலாம். ஆனால் அதைக் காங்கிரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எனவே "விலக்கு அறிவிப்பு வந்ததா?" என்றே கேளுங்கள்.

ஹமாஸிடம் பணயக்கைதிகள் இருந்தபோது அவர்களுக்காகவும் இதே கடிதத்தில் எழுதியிருக்கலாமே, யார் தடுத்தது? இயேசு சொன்ன உவமையில் நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனின் காயம் கட்டியதோடு போகவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேல்செலவுக்கும் பொறுப்பேற்றான்.